பலகையின் பின்னால் போன தண்ணீர்

ஒரு புதன்கிழமை காலை, நான்கு போல்ட்டுகளைக் கழற்றி ஒரு பெயர்ப்பலகையை லாரியில் ஏற்றியதும், நூற்று எண்பது அடி ஆழத்தில் கிடந்த தண்ணீர் எழுந்து அந்தப் பலகையின் பின்னால் போய்விட்டது. போல்ட்டைக் கழற்றியவன் திருச்செங்கோட்டுக்காரன், பெயர் அர்த்தநாரி. தண்ணீரைப் பறிகொடுத்த ஊர் மலாவி நாட்டின் தெற்கே, தார்ச்சாலையை விட்டுப் பதினேழு மைல் உள்ளே தள்ளி, மக்காச்சோளக் காடுகளுக்கு நடுவே இருக்கிறது. ஊரின் பெயரைச் சொல்லவில்லையே என்று கேட்பீர்கள். சொல்ல முடியாததற்கு ஒரு காரணம் இருக்கிறது, அதற்கு வருகிறேன்.

அர்த்தநாரி பதினெட்டு வயதில் ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டி ஏறியவன். திருச்செங்கோட்டில் தெருவுக்குப் பத்துப் பேராவது அப்படி ஏறிப் போனவர்கள்தான். ராஜஸ்தானத்தில் போர் போட்டவனும் ஒடிசாவில் போர் போட்டவனும் திருவிழாவுக்கு ஊர் திரும்பி, பெண்டாட்டி பிள்ளைகளோடு பேசுவதைவிட அதிகமாகப் பாறையைப் பற்றியே பேசிவிட்டு மறுபடி வண்டி ஏறிவிடுவார்கள். அர்த்தநாரியின் முதலாளி ரிக்கைக் கப்பலில் ஏற்றி ஆப்பிரிக்காவுக்கு அனுப்பியபோது ரிக்கோடு ரிக்காக இவனும் போய் இறங்கினான். அந்த வண்டியில் ஒரு வழக்கம் இருந்தது. எலுமிச்சம்பழம் வைத்து, சூடம் காட்டி, துளையிடும் பிட் முதல்முதலாக மண்ணைத் தொடுகிற நேரத்தில், போர் போடுகிறவன் குனிந்து ஊர்ப்பெயரை மண்ணுக்குச் சொல்ல வேண்டும், "இன்ன ஊருங்க ஆத்தா, இங்க வந்து நில்லு" என்று. ஒரு துளைக்கு ஒரு தடவைதான், மண்ணைத் திறக்கும்போது மட்டும்தான் சொல்லலாம். சொல்லாமல் போட்ட போரில் தண்ணீர் வந்தாலும் விலாசம் எழுதாத கடிதம் மாதிரி அது வேறெங்காவது போய்விடும் என்பது அவர்கள் எண்ணம். முதலாளிக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது, ஆனால் எலுமிச்சம்பழம் வாங்க மறந்தால் திட்டுவார்.

அந்த ஊரில் தண்ணீர்க் கமிட்டித் தலைவி எலூபி. தொண்டு நிறுவனம் போர் போட்டுத் தரும், ஆனால் ஊரும் உழைக்க வேண்டும் என்று சொன்னதால், ஆற்றிலிருந்து மணலும் கல்லும் தலைச்சுமையாகக் கொண்டுவந்து, செங்கல் சுட்டு, லாரி வரப் பதினேழு மைலுக்குப் புதர் வெட்டி, ஏழு மாதம் பெண்கள் பட்ட பாடு கொஞ்சநஞ்சமில்லை. இடையில் நம்பிக்கை இழந்தவர்களையெல்லாம் எலூபி வீடு வீடாகப் போய் இழுத்து வந்தாள். வெளியாட்கள் வாக்குக் கொடுப்பார்கள், அப்புறம் வரமாட்டார்கள் என்று சொன்னவர்களிடம், இந்தத் தடவை வருவார்கள், அதற்கு நான் பொறுப்பு என்றாள். வந்தார்கள். அதில்தான் அவளுக்கு அவர்கள் மேல் நம்பிக்கை தொடங்கியது.

எலுமிச்சம்பழம் வைத்தாகிவிட்டது. அர்த்தநாரி நிமிர்ந்து தன் அரைகுறை சிச்சேவா மொழியில் கேட்டான்.

"ஊர்ப் பேரு என்னங்க அலோங்கோ?"

அலோங்கோ என்றால் சகோதரி. எலூபி தலையை ஆட்டினாள்.

"சொல்லக்கூடாது. எங்க தலைவி போன மாசம் இறந்துட்டாங்க. அவங்க பேருதான் ஊருக்கும் பேரு. அடுத்த தலைவி அந்தப் பேரை ஏத்துக்கிற வரைக்கும் யாரும் வாயில எடுக்கமாட்டோம். செத்தவங்க பேரு அவங்களப் பெத்தவங்களுக்குத்தான் சொந்தம், மத்தவங்க தொடக்கூடாது."

"எப்பங்க ஏத்துக்குவாங்க?"

"ரெண்டு அறுவடை போகணும்."

ரிக் அங்கே நிற்க முடிந்தது இரண்டு நாள். அர்த்தநாரி சுற்றிலும் பார்த்தான். லாரிச் சக்கரத்தில் சாய்த்து வைத்திருந்தார்கள் தொண்டு நிறுவனத்தின் பலகையை, நீலத்தில் வெள்ளை எழுத்து: ஆலிவரின் நினைவாக. எங்கோ கடல் தாண்டி ஒரு தாயும் தகப்பனும் செத்துப்போன மகன் பெயரில் தந்த பணத்தில் போட்ட போர் அது. அர்த்தநாரி அந்தப் பலகையின் மேல் கையை வைத்துக்கொண்டு குனிந்து மண்ணிடம் சொன்னான்.

"இந்தப் பலகை எங்க நிக்குதோ, அங்க நில்லு ஆத்தா."

என்ன சொன்னீர்கள் என்று எலூபி கேட்டாள். அவன் வார்த்தை பிசகாமல் எடுத்துச் சொன்னான். அவள் கொஞ்சம் யோசித்தாள்.

"நல்லதுதான். பலகைக்குக் கால் கிடையாது" என்றாள்.

நூற்று எண்பதாவது அடியில் தண்ணீர் பீறிட்டு ரிக்கின் தலைக்கு மேலே போய் எல்லோர் மேலும் சேறாக விழுந்தது. இரண்டு நாளில் அடிபம்பு நின்றது, பக்கத்தில் பலகை நின்றது. எலூபியின் மகள் சிசோமோ, ஆறு வயதுக்காரி, கைப்பிடியில் தொங்கித் தன் உடம்பு மொத்தத்தையும் போட்டு அடித்து முதல் குவளையை நிரப்பினாள். எலூபி மண்டியிட்டு, இரண்டு கையாலும் அந்தக் குவளையை அர்த்தநாரிக்கு நீட்டினாள். அங்கே மதிப்பானவர்களுக்கு அப்படித்தான் தண்ணீர் கொடுப்பார்கள். "குடிங்க அச்சிம்வேனே" என்றாள். அண்ணனே என்று அர்த்தம். கூடப் பிறந்தவள் இல்லாத அர்த்தநாரி அந்தத் தண்ணீரைக் குடிக்க அதிக நேரம் எடுத்துக்கொண்டான்.

பிறகு ஒரு வருஷம் அந்த ஊர் தண்ணீர் உள்ள ஊராக இருந்தது. ஆற்றுப் பள்ளத்தில் மாடுகளோடு சேர்ந்து மொண்டு வந்தவர்கள் பள்ளத்தை மறந்தார்கள், பெண்பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்குத் தாமதமில்லாமல் போனார்கள், மணலை யார் அதிகம் சுமந்தது என்று பெண்கள் சந்தோஷமாகச் சண்டை போட்டார்கள். ரிக் வண்டி பக்கத்து நாட்டுக்குப் போய்விட்டது. பம்புகளைப் பழுது பார்க்க ஓர் ஆள் வேண்டும் என்று தொண்டு நிறுவனம் கேட்டதால், முதலாளி அர்த்தநாரியையும் ஒரு சின்ன லாரியையும் அங்கேயே விட்டுவைத்தார். வேலை அனுமதியைப் புதுப்பிக்க வாங்கிய அவன் பாஸ்போர்ட் தொண்டு நிறுவனத்தின் களப் பொறுப்பாளர் கிறிஸ்பினின் மேசைக்குள் இருந்தது. "ஏனுங்க, எப்பத்தான் வர்றீங்க?" என்று போனில் கேட்கும் மனைவி பூவாயிக்கு அவன் ஒவ்வொரு மாதமும் அடுத்த மாதம் என்று பதில் சொல்லிக்கொண்டிருந்தான்.

கிறிஸ்பின் தலைநகரத்துக்காரர், எப்போதும் இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டை, எல்லோரையும் பெயர் சொல்லி விசாரிப்பார். கெட்டவர் என்று சொல்ல முடியாது. கெட்டவராக இருந்திருந்தால் ஊர் முதலிலேயே உஷாராகியிருக்கும். தலைமை அலுவலகத்திலிருந்து படமெடுக்க ஆட்கள் வருகிறார்கள் என்றும், அவர்களுக்கு இருப்பது அரை நாள்தான் என்றும், பதினேழு மைல் குண்டும் குழியுமான பாதையில் அவர்கள் வேன் வராது என்றும் அவர் அர்த்தநாரியிடம் சொன்னார். தார்ச்சாலையிலேயே இருக்கிற சிம்பாலியில் யாரோ எப்போதோ போட்டுக் காய்ந்துபோன அடிபம்பு ஒன்று உண்டு. அதற்குப் பக்கத்தில் ஒரே ஒரு நாள் பலகை நின்றால் போதும்.

"தண்ணி வராதுங்களே" என்றான் அர்த்தநாரி.

"படத்துக்குத் தண்ணி வேண்டாம், குடத்துல கொண்டுவந்து ஊத்திக்கலாம். பலகையைக் கொண்டுவா. உன் பாஸ்போர்ட் விஷயமா நானே தலைநகரத்துக்குப் போய்ப் பேசறேன்."

அந்தப் புதன்கிழமை அவன் ஸ்பேனரோடு போனபோது பம்படியில் எலூபி இருந்தாள். விஷயத்தைக் கேட்டு அவள் படத்தைப் பற்றியோ வேனைப் பற்றியோ ஒன்றும் கேட்கவில்லை.

"அன்னிக்கு நீங்க தண்ணிகிட்ட ஒண்ணு சொன்னீங்களே, அச்சிம்வேனே."

அர்த்தநாரிக்கு அது மறந்தே போயிருந்தது என்று சொன்னால் அது பொய். வழி முழுக்க அவன் அதைத்தான் நினைத்துக்கொண்டு வந்தான். முப்பது வருஷமாக ஒரு துளையிலும் அந்த வார்த்தையைச் சொல்லாமல் அவன் பிட் இறக்கியதில்லை. நம்பாதவன் அப்படிச் செய்வானா?

"அதெல்லாம் சும்மா வாய் வார்த்தைங்க" என்றான். "பூமிக்குள்ள இருக்கற தண்ணிக்குப் பலகை எங்க போவுதுன்னு கண்ணா தெரியும்? நாளைக்குக் காத்தால கொண்டாந்து மாட்டிப்போடறேன்."

எலூபி அவன் முகத்தைப் பார்த்தாள்.

"நீங்க சொன்னா சரி" என்றாள்.

அதோடு நிற்காமல், அவன் கழற்றக் கழற்ற நான்கு போல்ட்டுகளையும் கையில் வாங்கி, நாளைக்கு வேண்டுமே, தொலைந்துவிடக் கூடாது என்று தன் இடுப்புத் துணியின் முனையில் முடிந்து வைத்துக்கொண்டாள்.

லாரி கிளம்பியது. கொஞ்ச தூரத்தில் எஞ்சின் சத்தத்துக்கு அடியில் இன்னொரு சத்தம் கேட்டது, நிறை தொட்டியில் தண்ணீர் அலைகிற சத்தம். அவன் நிறுத்தினான், அதுவும் நின்றது. ஓட்டினான், அதுவும் கூட வந்தது. பின்னால் எட்டிப் பார்த்தால் பாதையின் நடுவே மண் ஈரமாக இருந்தது, பக்கத்துக் காட்டு ஆடுகள் ஒவ்வொன்றாக வந்து அந்த ஈரத்தை மோந்து பார்த்துக்கொண்டு லாரியின் பின்னால் நடந்தன. அர்த்தநாரி அப்போதே வண்டியைத் திருப்பியிருக்கலாம். பாஸ்போர்ட்டை நினைத்தான், பூவாயியை நினைத்தான், திருப்பவில்லை.

சிம்பாலியில் பலகையை நட்டதும் பதினோரு வருஷமாகக் காய்ந்து கிடந்த பம்பு யாரும் அடிக்காமலேயே இரண்டு தடவை இருமி, துருவைத் துப்பி, பிறகு தெளிந்த தண்ணீரைக் கொட்டியது. சிம்பாலிக்காரர்கள் வியந்து நிற்கவில்லை, குடம் எடுக்க ஓடினார்கள். படமெடுக்க வந்தவர்கள் கைதட்டினார்கள். கிறிஸ்பின் தண்ணீரைப் பார்த்தார், பலகையைப் பார்த்தார், அர்த்தநாரியைப் பார்த்தார். புத்திசாலியான மனிதர் என்பதால் ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

மறுநாள் காலை பலகையை எடுக்கப் போன அர்த்தநாரியிடம், வெள்ளிக்கிழமை வேறு ஊரில், பணம் கொடுத்த வேறு விருந்தாளிகள் வருகிறார்கள் என்றார் கிறிஸ்பின். அடுத்த வாரம் இன்னொரு ஊர். அந்தப் பக்கத்தில் காய்ந்த அடிபம்புகளுக்குப் பஞ்சமே இல்லை, வந்த தொண்டு நிறுவனமெல்லாம் ஆளுக்கொன்று நட்டுவிட்டுப் போயிருந்தது. அந்தந்த விருந்தாளியின் பெயரை ஒரு தாளில் அச்சடித்து ஆலிவரின் பெயர் மேல் ஒட்டினார்கள். தண்ணீர் அதைக் கண்டுகொள்ளவில்லை, அது பலகையை மட்டும் பார்த்தது. புதிதாகப் போர் போடும் பேச்சே நின்றுபோனது.

சாலையோர ஊர்கள் இதற்கு எத்தனை சீக்கிரம் பழகிக்கொண்டன என்பதைச் சொல்ல வேண்டும். விருந்தாளி வந்தால் தண்ணீர் வரும், போனால் போகும் என்று தெரிந்ததும் அவர்கள் விருந்தாளிகளைக் காத்து வளர்க்கத் தொடங்கினார்கள். பலகை வரும் நாளில் கல்யாணம் வைத்தார்கள், பிள்ளைக்குப் பெயர் வைத்தார்கள், துணியையெல்லாம் சேர்த்து வைத்துத் துவைத்தார்கள். விருந்தாளிகளை ஒரு மணி நேரமாவது கூட இருத்திவைக்க நீளமான வரவேற்புப் பாட்டுகள் கட்டினார்கள், ஒரு பாட்டு முடிகிற மாதிரி இருந்தால் கிழவர் ஒருவர் எழுந்து இன்னொன்றை ஆரம்பிப்பார், பின்னால் பெண்கள் வரிசையாகக் குடம் நிரப்பிக்கொண்டிருப்பார்கள். எந்த ஊர் நன்றாகக் கைதட்டுகிறதோ அந்த ஊருக்குப் பலகை திரும்ப வரும் என்று ஒரு பேச்சு கிளம்பி, பள்ளிக்கூடங்களில் கைதட்டப் பயிற்சி கொடுத்தார்கள். இவ்வளவு நன்றியுள்ள மக்களை எங்கும் பார்த்ததில்லை என்று விருந்தாளிகள் ஊருக்குப் போய் எழுதினார்கள்.

எலூபியின் ஊருக்கு மட்டும் விருந்தாளி வரவில்லை. பதினேழு மைல் உள்ளே யார் வருவார்கள்? பெண்கள் மறுபடி ஆற்றுப் பள்ளத்துக்கு நடந்தார்கள். ஆனாலும் தினமும் காலையில் முறை வைத்து ஒருத்தி போய், காய்ந்த பம்பை நாற்பது தடவை அடித்துவிட்டு வந்தாள், தன்னை மறந்துவிட்டார்கள் என்று அது நினைத்துவிடக் கூடாதாம். குழாயில் காதை வைத்தால் ஆழத்தில், வெகு தூரத்தில், கைதட்டல் கேட்டது. குழந்தைகள் வரிசையில் நின்று அதைக் கேட்டுவிட்டு, இன்றைக்கு நிறையப் பேர் என்றோ, இன்றைக்குக் கொஞ்சம்தான் என்றோ சொல்லிவிட்டுப் பள்ளத்துக்குப் போனார்கள்.

எலூபி நான்கு தடவை தார்ச்சாலையோரத்தில் இருந்த கிறிஸ்பினின் அலுவலகத்துக்கு நடந்தே போனாள். அவர் ஒவ்வொரு தடவையும் எழுந்து நின்று வரவேற்று, தேநீர் கொடுத்து, ஒரு படிவம் நிரப்பி வாங்கிக்கொண்டார். நான்காம் தடவை அவள் வாசலில் லாரியைக் கழுவிக்கொண்டிருந்த அர்த்தநாரியிடம் வந்து நின்றாள்.

"நாளைக்குன்னு சொன்னீங்க."

"கொண்டாந்துடறேன் அலோங்கோ. இந்த மாசம் முடியட்டும்."

அவள் துணி முனையை அவிழ்த்துக் காட்டினாள். நான்கு போல்ட்டும் எண்ணெய் தடவித் துருவேறாமல் இருந்தன. மறுபடி முடிந்துகொண்டு பதினேழு மைல் திரும்பி நடந்தாள்.

அக்டோபரில், வெயில் மண்ணைப் பிளக்கிற மாதத்தில், பள்ளத்துத் தண்ணீர் பச்சையானது. வாந்தியும் வயிற்றுப்போக்கும் வந்து மூன்று நாளில் சிசோமோ இறந்தாள். சந்தைக்கு வந்த ஒருவன் சாதாரணமாக இதை அர்த்தநாரியிடம் சொன்னான். அர்த்தநாரி லாரியின் படியிலேயே உட்கார்ந்துவிட்டான். கைப்பிடியில் தொங்கிக்கொண்டு அவள் நிரப்பிய அந்த ஒரு குவளைதான் திரும்பத் திரும்ப ஞாபகம் வந்தது, அதை முதலில் குடித்தவன் தான் என்பதும்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சிம்பாலி மொத்தமும் தேவாலயத்தில் பாடிக்கொண்டிருந்த நேரத்தில், பட்டப்பகலில், யாரையும் கேட்காமல் அவன் அங்கே நின்றிருந்த பலகையைப் பிடுங்கி, மேலே ஒட்டியிருந்த தாளைக் கிழித்துவிட்டு, லாரியில் போட்டுக்கொண்டு போனான். தண்ணீர் கூடவே வந்தது.

ஊருக்குள் நுழைந்தபோது பம்படியில் பெண்கள் கூடி யாரையோ பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். லாரியைப் பார்த்ததும் அத்தனை வாயும் மூடிக்கொண்டன. இரண்டு அறுவடை முடிந்து புதிய தலைவி அந்தப் பெயரை ஏற்றுக்கொண்டிருந்தாள். புதிய தலைவி எலூபிதான். அவள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள், மகளுக்காக மொட்டையடித்த தலையில் மயிர் இன்னும் முளைக்கவில்லை.

"இப்ப உங்களை என்ன பேரு சொல்லிக் கூப்பிடணுங்க?" என்றான் அர்த்தநாரி.

"நீ என்னை எலூபின்னே கூப்பிடு."

அதுவரை அவள் அவனை ஒருமையில் பேசியதே இல்லை. அண்ணன் என்ற சொல்லும் அதில் இல்லை. அவள் போல்ட்டுகளை அவிழ்த்து அவன் கையில் போட்டாள். பலகை நின்றது, பம்பு தண்ணீர் கொட்டியது, யாரும் பாடவில்லை, கைதட்டவில்லை. பெண்கள் நிரப்பிக்கொண்டு போனார்கள். எலூபி ஒரு குவளையில் தண்ணீர் பிடித்து அவனுக்கு எதிரே தரையில் வைத்துவிட்டு நகர்ந்தாள். அங்கே கைதிகளுக்கு அப்படித்தான் வைப்பார்கள்.

ஊர்ப்பெயரைத் தண்ணீருக்குச் சொல்லிவிடலாமே என்று ஒருத்தி கேட்டாள். திறந்த துளைக்குத் திரும்பச் சொல்ல முடியாது, புதுத் துளை போட்டால்தான் ஆகும், ரிக் இல்லை என்றான் அர்த்தநாரி. அதனால் அன்றிலிருந்து அந்த ஊர் பலகையைக் காவல் காத்தது. பெண்கள் முறை வைத்து அதைச் சுற்றி உட்கார்ந்து சோளம் உதிர்த்தார்கள், கூடை முடைந்தார்கள். மறுநாள் கோபத்தோடு வந்த கிறிஸ்பின் அறுபது பெண்கள் எழுந்து நிற்பதைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார். அர்த்தநாரியும் அங்கேயே ஒரு குடிசையில் தங்கிவிட்டான். யாரும் அவனைப் போகச் சொல்லவில்லை, இருக்கச் சொல்லவுமில்லை.

அடுத்த வருஷம் ஜூன் மாதம் பாதையைச் செப்பனிடும் இயந்திரம் வந்தது. அதன் பின்னால் ஒரு வேன் வந்தது. அதிலிருந்து கிறிஸ்பினும், வெள்ளைத் தலையோடு ஒரு முதியவரும் அவர் மனைவியும் இறங்கினார்கள். ஆலிவரைப் பெற்றவர்கள். பெண்கள் எழுந்து நின்று பலகையை மறைத்தார்கள். அந்த அம்மாள் மெல்ல நடந்து வந்து, பெண்களின் தோள்களுக்கு நடுவே அந்த எழுத்துகளைப் பார்த்துவிட்டு, அப்படியே மண்ணில் உட்கார்ந்து அழுதாள். எலூபி கையைக் காட்டியதும் பெண்கள் வழிவிட்டார்கள். எலூபியும் பக்கத்தில் உட்கார்ந்தாள். இரண்டு தாய்மாரும் ஒருவர் பேச்சு ஒருவருக்குப் புரியாமல் நெடுநேரம் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

கடைசியில் அந்த அம்மாள் கிறிஸ்பினிடம் ஏதோ கேட்டாள். கிறிஸ்பின் எலூபியிடம் சொன்னார்.

"இந்தப் பலகையை வீட்டுக்கு எடுத்துட்டுப் போகலாமான்னு கேக்கறாங்க. அவங்களுக்கு வேற ஞாபகப் பொருள் இல்ல. இதைவிடப் பெரிசா, இரும்புல ஒண்ணு நான் செஞ்சு தர்றேன்."

செத்தவர் பெயர் பெற்றவளுக்குச் சொந்தம். பெற்றவளே வந்து கேட்கும்போது மறுக்க அந்த ஊர் வழக்கத்தில் இடமில்லை, அதுவும் தலைவியாக இருப்பவள் மறுக்கவே முடியாது. ஆனால் கூடவே தண்ணீரும் போகும் என்று தெரிந்தால் எந்தத் தாயும் கேட்க மாட்டாள் என்று எலூபி நினைத்தாள். அர்த்தநாரியைத் திரும்பிப் பார்த்தாள்.

"நீ சொல்லு. நீ தண்ணிகிட்ட சொன்னதை அவங்ககிட்ட சொல்லு."

கிறிஸ்பின் அவன் காதருகே வந்தார். "பாஸ்போர்ட் வண்டியில இருக்கு" என்றார். அர்த்தநாரி அவரைத் தள்ளிவிட்டு முன்னால் வந்து, தனக்குத் தெரிந்த கொஞ்சநஞ்ச இங்கிலீஷைக் கூட்டிச் சேர்த்து, கையால் பலகையைக் காட்டி, பம்பைக் காட்டி, மண்ணைக் காட்டிச் சொன்னான். இந்தப் பலகை போனால் தண்ணீரும் போய்விடும். அது நான் சொன்ன வார்த்தை. தண்ணீர் கேட்டுக்கொண்டது. போன வருஷம் இப்படித்தான் போனது, குழந்தை செத்தது. தப்பு என்னுடையது, தயவுசெய்து எடுக்காதீர்கள்.

அந்த அம்மாள் அவன் சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் கேட்டாள். அவள் கண் மறுபடி நிறைந்தது. கணவரைப் பார்த்து என்னவோ சொன்னாள், அவர் சட்டைப் பையிலிருந்து சின்ன நோட்டை எடுத்துக் குறித்துக்கொண்டார். பிறகு அவள் அர்த்தநாரியின் கையைத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டாள். அவள் சொன்னதைக் கிறிஸ்பின் மொழிபெயர்த்தார், கூட்டாமல் குறைக்காமல் சரியாகவே மொழிபெயர்த்தார்.

"எவ்வளவு அழகான நம்பிக்கைன்னு சொல்றாங்க. ஆலிவருக்கு இந்த மாதிரிக் கதைன்னா உயிராம். இதைக் கேட்டப்புறம் பலகையை விட்டுட்டுப் போக மனசே வரலையாம்."

வேன் ஓட்டுநர் ஸ்பேனரோடு வந்தார். எலூபி பெண்களை விலகச் சொன்னாள், ஒரு பெண்ணின் கையைப் பிடித்து இழுத்துத்தான் விலக்க வேண்டியிருந்தது. போல்ட்டுகள் ஒவ்வொன்றாக மண்ணில் விழுந்தன. இந்தத் தடவை அவற்றை யாரும் பொறுக்கவில்லை. அந்த அம்மாள் எலூபியைக் கட்டிக்கொண்டு விடைபெற்றாள். கிறிஸ்பின் வேன் ஜன்னல் வழியாகப் பாஸ்போர்ட்டை அர்த்தநாரியின் காலடியில் போட்டார், வேண்டாத வேலையாள் இனி இருந்தால் என்ன, போனால் என்ன. வேன் வளைவில் திரும்பியதும் எல்லோருடைய காலுக்கும் அடியில் சலசலவென்று ஒரு சத்தம் எழுந்து, வேன் போன திசையில் நகர்ந்து, ஓய்ந்தது.

எலூபி அர்த்தநாரியின் முன்னால் வந்து நின்றாள்.

"நான் நம்பின அன்னிக்கு என்கிட்டப் பொய் சொன்னே" என்றாள். "நம்பாதவங்ககிட்ட இன்னிக்கு உண்மையைச் சொல்றே. உன் உண்மை எனக்கு எதுக்கு?"

இரண்டு மாதம் கழித்து அந்தத் தம்பதியிடமிருந்து ஒரு கடிதமும் படமும் வந்தன. வருஷம் முழுக்க மழை பெய்கிற ஊர் அவர்களுடையது. பலகையைத் தோட்டத்தில் நட்டு வைத்ததும் அதன் அடியில் ஓர் ஊற்று கிளம்பியதாம், புல்தரையெல்லாம் குளமாகி வாத்துகள் வந்து நீந்துகின்றனவாம், தங்கள் மகன் தங்களோடு பேசுகிறான் என்றே நினைக்கிறார்களாம். படத்தைப் பள்ளிக்கூடச் சுவரில் ஒட்டினார்கள். பள்ளத்துக்குப் போகிற வழியில் பெண்கள் ஜன்னலருகே நின்று தங்கள் தண்ணீர் எப்படி இருக்கிறது என்று பார்த்துவிட்டுப் போனார்கள்.

அர்த்தநாரி திருச்செங்கோட்டுக்குத் திரும்பவில்லை. பாஸ்போர்ட்டைக் குடிசைக் கூரையில் செருகிவிட்டு, சிம்பாலிச் சந்தையில் கடப்பாறையும் மண்வெட்டியும் வாங்கி வந்து, பழைய பம்புக்கு இருபது அடி தள்ளி ஓர் இடத்தில் எலுமிச்சம்பழம் வைத்தான். கையால் வெட்டினால் எத்தனை மாதம் ஆகும் என்று அவனுக்குத் தெரியும். வெட்கத்தோடு பூவாயி முகத்தில் விழிப்பதைவிட அது சுலபமாகப் பட்டது. எலூபி வந்து பார்த்தாள்.

"ஊர்ப் பேரைச் சொல்லுங்க அலோங்கோ. முதல் வெட்டு விழறப்ப நான் ஆத்தாகிட்ட சொல்லோணும்."

"நீ சொல்ல வேண்டாம். நான் சொல்லிக்கறேன். நீ அந்த மாமரத்துக்கு அந்தப் பக்கம் போய் நில்லு."

"வழக்கமுங்க அது. வெட்டறவன்தான்..."

"உன் வாயில எங்க ஊர்ப் பேரு வர வேண்டாம்" என்றாள் எலூபி.

அவன் மாமரத்தைத் தாண்டிப் போய் நின்றான். அவளே கடப்பாறையை எடுத்து முதல் குத்துக் குத்தினாள், குனிந்தாள், உதடு அசைவது தெரிந்தது, சத்தம் கேட்கவில்லை. பிறகு கடப்பாறையை மண்ணில் நட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போனாள். அவன் வந்து வெட்டத் தொடங்கினான்.

ஒரு வருஷமும் நான்கு மாதமும் ஆயின. தண்ணீர் வந்தது, கொஞ்சம் உப்பு, கொஞ்சம் கலங்கல், காய்ச்சித்தான் குடிக்க வேண்டும், ஆனால் எங்கும் போகாமல் நிற்கிறது. முதல் குவளையை எலூபி சிசோமோவின் மண்மேட்டில் ஊற்றினாள். பிறகு ஊர் முழுக்கக் குடித்தது. எல்லோரும் குடித்து முடித்த பின் அவனுக்கும் ஒரு குவளை வைத்தார்கள், தரையில்.

அவன் இன்னும் அங்கேதான் இருக்கிறான், கிணற்றில் தூர் வாருகிறான். பூவாயி எழுதும் கடிதங்களுக்குச் சிம்பாலி விலாசத்தைத்தான் கொடுத்திருக்கிறான், பதினேழு மைல் நடந்து போய் வாங்கி வருகிறான். அவன் பக்கத்தில் வரும்போதெல்லாம் அந்த ஊர்க்காரர்கள், குழந்தைகள் உட்பட, அந்த ஒரு சொல்லை மட்டும் நிறுத்திக்கொள்கிறார்கள். இந்தக் கதை அவன் சொல்லித்தான் வெளியே வந்தது. அதனால்தான் இதிலும் அந்த ஊருக்குப் பெயர் இல்லை.